சுரண்டுவதற்கு முன்: ஹெரால்டு கார் வைத்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஹெரால்டு உரிமையாளர்களே,

உங்களில் பலருக்கு என் முகம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டு டீ குடித்தபடி பேசியிருக்கிறோம். புதுப்பேட்டையில் ஒரே ஹப் கேப்புக்கு நீங்களும் நானும் மாறி மாறி விலை கேட்டு, கடைக்காரரை மகிழ்வித்திருக்கிறோம். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். சில இடங்களில் கசக்கும். கடைசி வரி வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற ஆண்டு ஒரு பழைய கார் கண்காட்சியில் இரண்டு ஹெரால்டுகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. முதல் வண்டியின் பானட்டைத் திறந்ததும் கூட்டம் மொய்த்தது. காயில் ஸ்பிரிங்குகளுக்குக் குரோம், ஷாக் அப்சார்பர்களுக்குச் சிவப்பு, விஷ்போன்களுக்குப் பவுடர் கோட்டிங், போல்ட்டுகள் எல்லாம் தங்க நிறம். நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டி தோற்றது. இரண்டாவது வண்டி ஒரே குடும்பத்தில் இருந்த வண்டி. நிறம் சற்று மங்கல். விஷ்போன்களில் அடக்கமான கறுப்பு. ஒரு நட்டின் தலையில் யாரோ எப்போதோ தொட்டு வைத்த மஞ்சள் பெயிண்ட் பொட்டு. அதன் உரிமையாளர், எழுபது வயதிருக்கும், அருகில் வந்தவர்களிடமெல்லாம், "இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு தம்பி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பரிசு முதல் வண்டிக்குப் போனதில் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பெரியவர் மன்னிப்புக் கேட்பதுபோலப் பேசியதுதான் மனதை அறுத்தது. ஆலையிலிருந்து வந்த தோற்றத்தை அரை நூற்றாண்டுக்கு மேல் காப்பாற்றி வைத்திருப்பவர் கூச்சப்பட வேண்டியதாகிவிட்டது. அவரைக் கூச வைத்தவர்கள் நடுவர்கள் இல்லை. பளபளப்பையே தரம் என்று கண்ணைப் பழக்கிய நாம்தான். அந்த 'நாம்' என்பதில் முதல் ஆள் நான்.

என் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா 1967-இல் வாங்கிய ஹெரால்டை இருபது ஆண்டுகளுக்கு முன் முழுவதுமாகப் பிரித்தேன். உடலைத் தூக்கி வைத்துவிட்டு சேஸிஸைப் பார்த்தால், விரல் கனத்துக்குக் கிரீஸும் மண்ணும் படிந்து ஒரு மேலோடு. எங்கள் மெக்கானிக் பாய் அதில் ஓரிடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். உள்ளே கறுப்பு பெயிண்ட் புதுசாக இருந்தது. பின் ஸ்பிரிங்கின் மேல் ஒரு வெள்ளைக் கோடு. குறுக்குச் சட்டத்தில் சாக்பீஸால் எழுதிய ஏதோ ஒரு எண். "சார், இது கம்பெனி பெயிண்ட். பிளாஸ்ட் அடிச்சா திரும்ப வராது" என்றார் பாய். நான் சிரித்துவிட்டு மறுநாளே மணல் பிளாஸ்டிங்குக்கு அனுப்பினேன். ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. சேஸிஸ் வெள்ளி மாதிரி திரும்பி வந்தது. அந்த எண் என்ன என்று இன்றைக்கு யார் கேட்டாலும் என்னால் சொல்ல முடியாது.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். நம் கார் பிறந்த இடத்தை நினைத்துப் பாருங்கள். சென்னையில் 1948-இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம், வண்டலூர்ப் பக்கத்து ஆலையில் 1961 முதல் ஹெரால்டைச் செய்தது. இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் இந்த மாடல் வந்தது 1959-இல். அங்கே எஞ்சினை மாற்றி மாற்றிப் பெரிதாக்கினார்கள். இங்கே கடைசி வரைக்கும் 948 சி.சி.தான். நான்கு கதவு ஹெரால்டு என்று ஒன்று உலகத்தில் இங்கே மட்டுமே பிறந்தது. 1970-களில் அதே வண்டி உருமாறி கெஸல் ஆனது. 1988-இல் ஆலையில் உற்பத்தியே நின்றது.

இங்கிலாந்தில் ஒருவர் தம் டிரையம்ப் காரின் எண்ணை எழுதிக் கொடுத்தால், கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் பழைய பேரேட்டைப் புரட்டி, என்றைக்குக் கட்டினார்கள், என்ன நிறத்தில் அனுப்பினார்கள் என்று சான்றிதழ் தருகிறது. சென்னையில் கட்டிய வண்டிக்கு அப்படி எழுதிக் கேட்க நமக்கு ஒரு முகவரி இல்லை. பேரேடு நம் வண்டிக்கு அடியில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிரீஸுக்குக் கீழே, ரப்பர் பாயின் மறைவில், கதவு அட்டையின் பின்னால். பிளாஸ்டிங் அடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பேரேட்டில் ஒரு பக்கத்தைக் கிழிக்கிறோம்.

வேறு கார்களைவிட ஹெரால்டுக்கு இந்த ஆபத்து அதிகம். காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு உடல் செய்து கொடுத்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தைப் போட்டியாளரான பி.எம்.சி. 1953-இல் வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் செய்து தர ஆளில்லை. எனவே தனிச் சேஸிஸ் போட்டு, உடலைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டுச் சேர்க்கும் வழிக்குப் போனார்கள். இத்தாலியின் டுரின் நகரத்து ஜொவான்னி மிக்கெலோட்டி அதற்கு உருவம் வரைந்தார். மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கம் முழுவதும் முதலை வாய்போல முன்னால் கவிழ்ந்து திறக்கும்.

அம்பாசடரிலோ பத்மினியிலோ சஸ்பென்ஷனைப் பார்க்க வேண்டுமானால் கீழே படுக்க வேண்டும். ஹெரால்டில் பானட்டைத் திறந்தால் போதும். விஷ்போன், ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், ஸ்டீயரிங் ராக் எல்லாம் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் உறவினர்கள் மாதிரி நேருக்கு நேர் தெரியும். அதனால்தான் அவற்றுக்கு நகை போட்டுப் பார்க்க நமக்கு ஆசை வருகிறது. ஆசையில் தப்பில்லை. அந்த ஆசையில் நாம் செய்யும் காரியங்களைத்தான் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முன்சக்கரத்திலிருந்து வருகிறேன். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் மேல்முனை பால் ஜாயின்டில் நிற்கிறது. கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை, ட்ரன்னியன் என்ற வெண்கல வார்ப்புக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் திரும்புகிறது. இடப்பக்கத்து மரையும் வலப்பக்கத்து மரையும் ஒன்றல்ல. மாற்றிப் போடக் கூடாது. அதற்குள் போக வேண்டியது கிரீஸ் அல்ல, கியர் ஆயில். தொண்ணூறாம் நம்பர் கனத்த எண்ணெய். எண்ணெய் மரையின் அடிவரை இறங்கும். கிரீஸ் ஓரிடத்தில் கட்டி நிற்கும். மழைத் தண்ணீர் உள்ளே புகும், மரை துருப்பிடிக்கும், துருப்பிடித்த இடத்தில் கீறல் விழும். ஒருநாள் தண்டு ஒடிந்து சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கும்.

கதையாகச் சொல்லவில்லை. அப்பாவின் வண்டியில் நடந்தது. வேகத்தில் இல்லை. எங்கள் தெருமுனையில், ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து, நடக்கிற வேகத்தில் திருப்பும்போது 'டக்' என்று ஒரு சத்தம். வலது முன்சக்கரம் முட்டி மடங்கிய மாடுபோல உட்கார்ந்துவிட்டது. ஜி.எஸ்.டி. சாலையில் லாரிக்குப் பக்கத்தில் போகும்போது ஒடிந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். ஒடிந்த தண்டைக் கையில் வாங்கிப் பார்த்தோம். முறிவின் பாதி பழைய துரு, மீதி புதுப் பளபளப்பு. பல மாதங்களாகக் கீறல் வளர்ந்திருக்கிறது. வெளியே யார் பார்த்தாலும் அந்தத் தண்டில் பெயிண்ட் அருமையாக இருந்தது.

ஆலையின் தோற்றம் வேண்டும் என்று நான் சொல்லும்போது, ஆலை சொன்ன வேலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எண்ணெய் போக வேண்டிய இடத்தில் கிரீஸை அடைத்துவிட்டு மேலே ஆலை நிறத்தைப் பூசினால், அது பல் விழுந்த வாய்க்கு உதட்டுச் சாயம்.

பின்பக்கம் போவோம். நம் ஊரில் ஸ்பிரிங் வைத்த மாட்டுவண்டியை வில்வண்டி என்றார்கள். ஹெரால்டும் ஒருவகையில் வில்வண்டிதான். வில் மட்டும் குறுக்காகக் கிடக்கிறது. பல பட்டைகளை அடுக்கிய ஒரே ஸ்பிரிங், டிஃபரன்ஷியலின் தலைமேல் நடுவில் பிடித்து, இரண்டு முனைகளிலும் இரண்டு சக்கரங்களைத் தாங்குகிறது. டிஃபரன்ஷியல் சேஸிஸோடு நிற்க, இருபக்கத்து அச்சுகளும் பறவையின் சிறகுபோல மேலும் கீழும் ஆடும். ஆள் இல்லாமல் நிற்கும்போது சக்கரங்களின் மேல்பக்கம் சற்று வெளியே சாய்ந்து, கீழ்ப்பக்கம் உள்ளே ஒடுங்கி இருக்கும். நான்கு பேர் ஏறி உட்கார்ந்தால் அந்தச் சாய்வு குறையும், அல்லது எதிர்ப்பக்கம் போகும். இது இந்த அமைப்பின் இயல்பு. கோளாறு என்று நினைத்துத் திருத்தப் போகாதீர்கள்.

நம் ஊர்ப் பட்டறைகளுக்கு இந்த அமைப்பு என்றைக்குமே பிடித்ததில்லை. கெஸல் வந்தபோது இதை எடுத்துவிட்டு ஒரே துண்டாக நிற்கும் அச்சைப் போட்டதே அதனால்தான் என்பார்கள். பட்டறைக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த மருந்தைக் கொடுத்தார்கள்: "பள்ளத்துல அடிக்குதா, ஒரு பட்டை கூடப் போட்டுடலாம்." கூடுதல் பட்டை போட்டால் வால் தூக்கும். வால் தூக்கினால் சக்கரங்கள் நிரந்தரமாகக் கீழே ஒடுங்கிய நிலையிலேயே நிற்கும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் இன்னும் உள்ளே மடிந்து, பின்பக்கம் திடீரென்று பிடியை விடும். இந்த அச்சுக்கு உள்ள ஒரே பெரிய பலவீனம் அதுதான். அதைக் காசு கொடுத்துக் கூட்டி வாங்கிக்கொள்கிறோம்.

எதிர்த்திசையில் போகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். படம் எடுக்க அழகாக இருக்கும் என்று வண்டியைத் தரைக்கு இறக்குகிறவர்கள். பட்டையைக் கழற்றி விடுவதும், கொல்லுலையில் காய்ச்சி வளைத்து நிமிர்த்துவதும் நடக்கிறது. ஸ்பிரிங் எஃகைக் காய்ச்சினால் அதன் பதம் போய்விடும். திரும்பவும் முறையாகக் கடினமாக்கிப் பதப்படுத்தாவிட்டால் அது வெறும் இரும்புத் தகடு; ஆறு மாதத்தில் தொங்கிவிடும். ஸ்பிரிங் வேலை தெரிந்த பட்டறை, குளிர்ந்த நிலையிலேயே பட்டைகளுக்கு வளைவு கொடுக்கும், அல்லது அளவு வைத்துப் புதிதாகச் செய்து முறையாகப் பதம் ஏற்றும். அப்படி ஒரு பட்டறையைத் தேடிப் போங்கள்.

வண்டியின் நிற்கும் உயரம்தான் ஆலைத் தோற்றத்தின் முதல் அடையாளம். நிறம் சரியாக இருந்தும் உயரம் பிசகினால், பத்தடி தூரத்திலேயே வண்டி அந்நியமாகத் தெரியும். அதை அளக்கும்போது ஒரு சின்ன விஷயத்தை மறக்காதீர்கள். ஜாக்கியிலிருந்து இறக்கிய ஹெரால்டின் பின்சக்கரங்கள் கோழி கால்களைப் போல உள்ளே மடங்கியே நிற்கும். நாலடி முன்னே, நாலடி பின்னே உருட்டிய பிறகுதான் வண்டி தன் சொந்த உயரத்துக்கு உட்காரும். ரப்பர் புஷ்களையும் வண்டி தரையில் நின்று எடை இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கேறிய நிலையிலேயே நிற்கும். வண்டி உயரமாகத் தெரியும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். பிறகு ஸ்பிரிங்கின் மேல் பழி போடுவோம்.

இனி பூச்சு. குரோம் ஸ்பிரிங் வைத்திருப்பவர்களே, உங்களிடம் கொஞ்சம் உரக்கவே சொல்கிறேன். மின்முலாம் பூசும் தொட்டியிலும் அதற்கு முந்தைய அமிலக் குளியலிலும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகும். சாதாரண இரும்புக்கு அதனால் பெரிய கேடில்லை. ஸ்பிரிங், உயர்வலு போல்ட் போன்ற கடின எஃகு மட்டும் உள்ளுக்குள் நொறுங்கும் தன்மை அடையும். பூசிய உடனே 190 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் சூளையில் வைத்தால்தான் அந்த ஹைட்ரஜன் வெளியேறும். பூஜைச் சாமானுக்கும் பம்பருக்கும் முலாம் பூசும் கடையில் இதை யார் செய்யப் போகிறார்கள்? உங்கள் குடும்பத்தைத் தாங்கும் ஸ்பிரிங்கை அழகுக்காகப் பலவீனப்படுத்தாதீர்கள். ஆலை அதற்குக் கறுப்பு அடித்தது போதாமையால் இல்லை.

பவுடர் கோட்டிங் அந்த அளவுக்கு ஆபத்தில்லை. ஆனாலும் அது தடித்த தோல். வார்ப்பில் உள்ள எழுத்துகளையும் எண்களையும் மூடிவிடும். கீறல் விட்டால் மறைத்துவிடும். போல்ட் உட்காரும் பரப்பில் படிந்தால், நாளாவட்டத்தில் நசுங்கி இறுக்கம் தளரும். ஓரிடத்தில் பெயர்ந்தால் உள்ளே தண்ணீர் புகுந்து, மேலே பளபளப்பும் கீழே துருவுமாக வண்டி உங்களை ஏமாற்றும். நல்ல பிரைமரும், அதன்மேல் பாதிப் பளபளப்புள்ள கறுப்பு பெயிண்டும் அடித்தால் ஆலைத் தோற்றம் வரும். கீறல் விட்டால் கண்ணில் படும், ஒரு பிரஷ்ஷை வைத்து ஞாயிற்றுக்கிழமை சரிசெய்துவிடலாம்.

போல்ட்டுகளிலும் இதே கதை. அந்தக் காலத்து நட்டு போல்ட்டுகளில் சில வெறும் கறுப்பாக, பாஸ்பேட் செய்து எண்ணெய் தோய்த்தவை. சில காட்மியம் பூசிய மங்கல் வெள்ளி. எல்லாவற்றையும் தங்க நிறத் துத்தநாகத்தில் முக்கி எடுத்தால் கல்யாண வீட்டுச் சீரியல் பல்பு ஞாபகம்தான் வரும். காட்மியம் நஞ்சு. அதைத் திரும்பப் பூசச் சொல்லவில்லை. பழைய போல்ட்டைத் தேய்க்கும்போதுகூடத் தூசியை மூச்சில் இழுக்காதீர்கள். வெள்ளைத் துத்தநாகம் பூசினால் பழைய தோற்றத்துக்கு மிக அருகில் வந்துவிடலாம். எது கறுப்பு, எது வெள்ளி என்று யாரைக் கேட்பது? உங்கள் வண்டியைத்தான். வாஷருக்கு அடியில், நட்டு மூடிய மரையில், கிரீஸ் காப்பாற்றிய மூலையில் பதில் இருக்கும்.

உடலின் நிறத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்துச் சாதாரணக் கார்களில் நிறமும் பளபளப்பும் ஒரே பெயிண்டில் இருந்தன. அதன்மேல் கண்ணாடிபோல இன்னொரு தெளிந்த பூச்சு கிடையாது. நம் பெயிண்டர்கள் டூக்கோ என்று சொல்லும் பழைய வகை பெயிண்ட் வெயிலில் மங்கும். ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் திரும்பி வரும். இன்றைய பி.யூ. பெயிண்டும் அதன்மேல் தெளிகோட்டும் நிறத்தைத் தண்ணீருக்கு அடியில் வைத்ததுபோல் காட்டும். அந்த ஆழம் ஹெரால்டுக்குச் சொந்தமில்லை. பி.யூ. வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. நம் மழைக்கும் வெயிலுக்கும் அது நன்றாகத் தாங்கும். தெளிகோட் இல்லாத ஒற்றை அடுக்கு வகையைக் கேட்டு வாங்குங்கள், அதிகம் தேய்த்துக் கண்ணாடியாக்காதீர்கள் என்பதே வேண்டுதல்.

நிறத்தைக் கடையின் அட்டவணையில் தேடாதீர்கள். வெயில் படாத இடத்தில் தேடுங்கள். டாஷ்போர்டுக்குப் பின்னால், கதவு அட்டைக்கு உள்ளே, பின்சீட்டுக்குக் கீழே, பெயர்ப்பட்டையைக் கழற்றினால் அதன் நிழலில். அங்கே ஒரு சதுர அங்குலம் கிடைத்தால் பெயிண்ட் கலக்குபவருக்குப் போதும். கதவு இடைவெளிகளையும் கொஞ்சம் மன்னியுங்கள். போல்ட் போட்டுச் சேர்த்த உடல் அது. ஆலையிலேயே இடைவெளிகள் ஒரு சீராக இருந்ததில்லை. பட்டி பட்டியாகப் பூசி அவற்றை ஜெர்மானியக் கார்போல நேராக்கும்போது, தகடு இருக்க வேண்டிய இடத்தில் பட்டியைச் சுமக்கிறீர்கள். அடுத்த மழைக்காலத்தில் அது வெடிக்கும்.

இவ்வளவும் படித்துவிட்டு, "என் கார், என் காசு, உமக்கென்ன?" என்று ஒருவர் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. உங்கள் வண்டியில் உங்களுக்கு முழு உரிமை உண்டு. ரேடியல் டயர் போடுங்கள், சீட் பெல்ட் போடுங்கள், நல்ல ஹெட்லைட் போடுங்கள். உயிர் முக்கியம். கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பும் எந்த மாற்றத்தோடும் எனக்குப் பிணக்கில்லை. திரும்ப முடியாததைச் செய்யும்போது மட்டும் ஒரு இரவு பொறுத்திருங்கள். வெட்டினால் ஒட்டாது, சுரண்டினால் முளைக்காது.

"பழைய பாகம் எங்கே கிடைக்கிறது?" என்பது அடுத்த கேள்வி. ஹெரால்டின் முன் சஸ்பென்ஷனைத்தான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் காரும் பகிர்ந்துகொண்டது. அந்தப் புண்ணியத்தில் ட்ரன்னியன், புஷ், பால் ஜாயின்ட் எல்லாம் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். உங்கள் வண்டியில் இருப்பதை அளந்து பார்த்து வாங்குங்கள். புதியது வந்ததும் பழையதைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். துணியில் சுற்றி, சீட்டு ஒட்டிப் பரணில் வையுங்கள். தேய்ந்துபோன அந்த வெண்கலத் துண்டுதான் நாளைக்கு இன்னொருவருக்கு அளவுகோல்.

சட்டமும் இப்போது நம் பக்கம் வந்திருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் திருத்தம் செய்து, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு செய்ய வழி செய்தது. பதிவு எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். நிபந்தனை ஒன்று: வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. 1961-க்கும் 1971-க்கும் இடையே பிறந்த நம் ஹெரால்டுகள் எல்லாம் அந்த வயதைத் தாண்டிவிட்டன. உலக அளவில் பழைய வண்டிச் சங்கங்களின் கூட்டமைப்பும் டுரின் சாசனம் என்று ஒன்றை வைத்திருக்கிறது. முடிந்தவரை காப்பாற்று, தேவையான அளவு மட்டும் புதுப்பி, செய்ததை எழுதி வை என்பதே அதன் சாரம். மிக்கெலோட்டி ஹெரால்டுக்கு உருவம் கொடுத்த ஊரின் பெயரிலேயே அந்தச் சாசனம் இருப்பது எனக்குப் பிடித்த தற்செயல்.

என் மனதில் உள்ள ஆழமான காரணம் சட்டமும் இல்லை, சாசனமும் இல்லை. அந்த நட்டின் தலையில் இருந்த மஞ்சள் பொட்டுதான். அதை வைத்தது ஒரு மனிதர். நட்டை இறுக்கியாயிற்று, சரிபார்த்தாயிற்று என்பதற்கு அவர் வைத்த கையெழுத்து. பெருங்களத்தூரிலிருந்தோ தாம்பரத்திலிருந்தோ சைக்கிளில் வந்து, சைரன் ஒலித்ததும் உள்ளே போய், ஒரு நாளைக்கு எத்தனையோ நட்டுகளில் பொட்டு வைத்துவிட்டு வீடு திரும்பியவராக இருக்கலாம். அவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. காரின் விளம்பரத்தில் மிக்கெலோட்டி இருக்கிறார், இவர் இல்லை. இவர் இருக்கும் ஒரே இடம் அந்தப் பொட்டு. நான் என் வண்டியில் பிளாஸ்டிங் அடித்து அழித்தது அவரைத்தான். பெயிண்டைத்தானே எடுத்தேன் என்று இருபது ஆண்டுகளாக எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன், ஆறவில்லை.

எனவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, பிரிப்பதற்கு முன் ஒரு நாள் முழுவதும் வண்டிக்கு அடியில் செலவழியுங்கள். கையில் மண்ணெண்ணெய்த் துணி, டார்ச், கைபேசி. கம்பி பிரஷ் வேண்டாம். துடைத்துத் துடைத்துப் படம் எடுங்கள். எந்த நட்டில் என்ன நிறப் பொட்டு, ஸ்பிரிங்கில் எத்தனை கோடு, எந்த போல்ட் கறுப்பு, எது வெள்ளி என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நல்ல நிலையில் இருக்கும் ஒரு கையளவு ஆலை பெயிண்டையாவது சுரண்டாமல் அப்படியே விட்டுவையுங்கள். சுற்றிலும் புதுப்பித்தாலும் அந்த ஒரு கையளவு சாட்சி சொல்லும்.

இரண்டாவது, அந்த நோட்டைப் பூட்டி வைக்காதீர்கள். பத்து வண்டிகளின் நோட்டுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் எது ஆலையின் வழக்கம், எது அடுத்த தெருப் பட்டறையின் கைவேலை என்று பிரித்தறிய முடியும். தனி ஒருவரின் வண்டி வெறும் நினைவு. பத்து வண்டிகளை ஒப்பிட்டால் அது வரலாறு. அடுத்த முறை சந்திக்கும்போது டீயோடு நோட்டையும் கொண்டுவாருங்கள். என்னுடையதில் பாதிப் பக்கங்கள் காலி. ஏன் காலி என்பதையும் அதிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

மூன்றாவது, இந்த வண்டிகளில் கை வைத்த பழைய மெக்கானிக்குகளும், டிங்கர்களும், பெயிண்டர்களும், ஆலையில் வேலை பார்த்தவர்களும் இன்னும் சிலர் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போங்கள். கேள்வி கேளுங்கள், ஒலிப்பதிவு செய்யுங்கள். எங்கள் பாய் போய்ச் சேர்ந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ட்ரன்னியனுக்குள் எண்ணெய் எப்படி ஏற்றுவது என்று அவர் எனக்குக் காட்டியது எந்தப் புத்தகத்தையும் விடத் தெளிவாக இருந்தது. அவரிடம் கேட்காமல் விட்டதுதான் அதிகம்.

அந்தக் கண்காட்சியில் பார்த்த பெரியவரிடம் நான் அன்று ஒன்றும் பேசாமல் வந்துவிட்டேன். இதை அவர் படிக்க நேர்ந்தால்: ஐயா, உங்கள் வண்டியில் எந்த வேலையும் பாக்கி இல்லை. தயவுசெய்து அந்த மஞ்சள் பொட்டைத் துடைத்துவிடாதீர்கள்.

மற்ற அனைவருக்கும்: இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை வெளியே எடுப்பதற்கு முன் பானட்டைத் திறந்து, ஒரு துணியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ட்ரன்னியனில் எண்ணெய் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பொட்டு இருக்கிறதா என்று பிறகு பாருங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
1967 ஹெரால்டின் இரண்டாவது உரிமையாளன்